பழைய வி.சி.ஆர். கண்ணாடியை 12 வோல்ட் அடாப்டரில் மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுச் சாமான்களில் இருக்கும் எண் டிஸ்பிளேயைக் கழற்றி மேசைக் கடிகாரம் செய்யலாம் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்தோம். மார் ஷிகோஸ் குப்பைமேட்டுக்குப் போகிற சாமானில் கொஞ்சத்தையாவது மேசைக்குத் திருப்புகிற யோசனை நல்லதுதான். இந்த மொரிஷியஸ் தீவுக்கு அதை விட்டால் வேறு மேடும் கிடையாது. ஆனால் அந்தக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: வி.சி.ஆர். (வீடியோ கேசட் ரெக்கார்டர்) போன்றவற்றில் எண் காட்டும் பச்சை எழுத்துக் கண்ணாடியைப் பிடுங்கி, 12 வோல்ட் அடாப்டரின் இரண்டு கம்பிகளை முனைகளில் தொட்டால் எரியுமாம். எரியும், ஒரே ஒரு முறை. அரை விநாடி சிவந்துவிட்டு, உள்ளே இருக்கும் இழை அறுந்து போகும். அப்புறம் அந்தக் கண்ணாடி குப்பைக்குத்தான். ஆகவே இந்தத் திருத்தம்.

வி.சி.ஆர்., பழைய மைக்ரோவேவ், கேசட் டெக், கல்லாப்பெட்டி இவற்றில் பச்சையும் நீலமும் கலந்து ஒளிர்வதற்குத் தொழிலில் வி.எஃப்.டி. (வேக்யூம் ஃப்ளோரசன்ட் டிஸ்பிளே) என்று பேர். ரேடியோ வால்வுக்குத் தம்பி முறை. உள்ளே காற்று இல்லை. முன்புறம் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் இரண்டு மூன்று நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். இழை சூடாகி எலக்ட்ரானை விடுகிறது. நடுவில் சல்லடை மாதிரி நிற்கிற கிரிட் அதைப் போகவிடும் அல்லது மறிக்கும். பின்னால் பாஸ்பர் என்னும் ஒளிரும் பொடி பூசிய ஆனோடில் (பிளஸ் தகட்டில்) எலக்ட்ரான் மோதுகிற கோடு மட்டும் ஒளிர்கிறது. இழைக்குச் சில வோல்ட் போதும், கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் 20 முதல் 35 வோல்ட் வேண்டும். 1967-ல் ஜப்பானின் இசே நிறுவனம் ஏழு கோட்டு இலக்கத்தைச் செய்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். 12 வோல்ட் என்பது இழைக்கு மிக அதிகம், ஆனோடுக்கு மிகக் குறைவு. இரண்டு பக்கமும் ஆகாது.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கியதுமே ஆபத்து போய்விடுவதில்லை. நம் வீட்டு 230 வோல்ட்டை நேராக டி.சி. ஆக்கும் சப்ளையில், 400 வோல்ட் என்று எழுதிய பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல, அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 10 கே (அதாவது 10,000 ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் காப்பிட்ட கம்பி பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் 10 விநாடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கை வைக்கலாம்.

அடுத்தது, பெரும்பாலோர் தவறவிடும் இடம். கண்ணாடியை மட்டும் பிடுங்கி எடுப்பதைவிட, அது பொருந்தியிருக்கும் முன்பலகை முழுவதையும் எடுப்பது பத்து மடங்கு மேல். பல வி.சி.ஆர்., டி.வி.டி. பெட்டிகளில் கண்ணாடிக்கு அருகிலேயே பி.டி.6311, பி.டி.6312, யு.பி.டி.16311, யு.பி.டி.16312 என்று எண் பொறித்த டிரைவர் சில்லு, அதாவது கண்ணாடியை ஓட்டும் சில்லு, ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் 40 முனைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டேட்டா, கிளாக், ஸ்ட்ரோப் என்ற மூன்று கம்பிகள் போதும், எந்தச் சின்ன மைக்ரோகண்ட்ரோலரும் (ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி) ஓட்டும். பலகையில் கேபிள் நுழையும் இடத்தில் 5 வோல்ட், தரை (கிரவுண்ட்), எஃப்1, எஃப்2, மைனஸ் 25 அல்லது மைனஸ் 30 என்று அச்சிட்டிருப்பது வழக்கம். எஃப் இரண்டும் இழை. மைனஸ் வோல்ட் எதற்கு என்று திகைக்க வேண்டாம். கண்ணாடிக்குத் தேவை வித்தியாசம்தான். மேலே 5, கீழே மைனஸ் 25 என்றால் நடுவே 30 கிடைத்துவிடுகிறது. இந்தப் பலகைகளில் இழையும் அந்த மைனஸ் வோல்ட்டை ஒட்டித்தான் மிதக்கும். அதைத் தரையோடு சேர்த்துவிட்டால் எல்லாக் கோடும் மங்கிவிடும்.

இந்தச் சில்லுகளில் மாட்டிக்கொள்கிற இடங்கள் எப்போதும் ஒன்றே. ஒரு பைட்டின் கடைசி பிட்டைத்தான் முதலில் எதிர்பார்க்கும். மைக்ரோகண்ட்ரோலரின் எஸ்.பி.ஐ. என்ற தொடர் இணைப்பு வழக்கமாகத் தலைகீழாக, முதல் பிட்டை முன்னால் அனுப்பும். அதை மாற்றாமல் விட்டால் திரையில் கோலம் போட்ட மாதிரி ஏதோ வரும், பலகை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். கிளாக்கை 500 கிலோஹெர்ட்சுக்குள் வையுங்கள். நீளமான கேபிள் போட்டு அதற்கு மேல் ஓட்டினால் எழுத்து அவ்வப்போது மாறும். கடைசியாக, எல்லாம் சரியாக எழுதியும் திரை இருட்டாகவே இருந்தால், டிஸ்பிளேயைத் திறக்கும் கட்டளையை அனுப்ப மறந்திருப்பீர்கள். 136-லிருந்து 143 வரை எட்டு எண்கள், எட்டு வெளிச்சம். படுக்கையறைக் கடிகாரத்துக்கு 136 போதும்.

சில வி.சி.ஆர்.களில் தனி டிரைவர் இருக்காது. டைமர் சில்லே கண்ணாடியை நேராக ஓட்டும். அப்போது கண்ணாடியைத் தனியாக எடுத்தே தீரவேண்டும். 40 கால்களையும் ஒன்றொன்றாகச் சூடாக்கி உறிஞ்சுவதற்குள் பொறுமை போய்விடும், கண்ணாடியும் ஓரத்தில் கீறல் விடும். நல்ல வழி: பலகையைக் கால்வரிசைக்கு வெளியே சிறு ரம்பத்தால் அறுத்து, பிறகு அந்தக் குறுகிய பட்டையில் ஒவ்வொரு காலுக்கும் கொஞ்சம் புது ஈயம் விட்டு, 350 டிகிரியில் மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக எடுப்பது. அடுத்தடுத்த கால்களைத் தொடர்ந்து சூடாக்கினால் ஒரே இடத்தில் வெப்பம் சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். பின்பக்கம் இரட்டைப் பக்கப் பசை நாடா ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள். மீன்பிடி நைலான் நரம்பை அடியில் விட்டு, சோப்பு அறுப்பது போல இழுத்தால் விட்டுவிடும். கண்ணாடியின் ஓரத்திலோ முதுகிலோ சின்ன முலை போல ஒரு நுனி இருக்கும். காற்றை உறிஞ்சி மூடிய இடம் அது. அது உடைந்தால் கதை முடிந்தது. கால்களையும் கண்ணாடியை ஒட்டி மடிக்காமல், குறைந்தது 3 மில்லிமீட்டர் விட்டு மடியுங்கள்.

எடுக்கும் முன்பே உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உள்ளே ஒரு மூலையில் கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளிக் கறை இருக்கும். பளபளப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தொடாமல் விட்டுவிடுங்கள்.

இப்போது முனை கண்டுபிடிக்கும் வேலை. இதற்கு 230 வோல்ட் பக்கமே போக வேண்டாம். மூன்று 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்தால் 27 வோல்ட் ஆயிற்று. அதோடு மூன்று பென்சில் செல், ஒரு 1 கே ரெசிஸ்டர், கைநிறைய 4.7 கே ரெசிஸ்டர்கள், ஒரு மல்டிமீட்டர். முதலில் இரண்டு கோடியிலும் இருக்கும் கால்களை ஓம் அளவில் பாருங்கள். 5 முதல் 20 ஓம் காட்டுகிற ஜோடிதான் இழை. பல கண்ணாடிகளில் ஒவ்வொரு கோடியிலும் இரண்டு கால்கள் சேர்ந்தே இருக்கும். மற்ற எந்தக் காலும் இன்னொன்றோடு ஓம் காட்டாது. காட்டினால் கால்களுக்கு நடுவே அழுக்கோ பாசியோ ஏறியிருக்கிறது.

இழைக்கு ஒரு செல் கொடுங்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் செம்மை தெரிந்தால் அதுவே சரியான சூடு. அறை வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அதிகம். இழைமேல் பூசிய ஆக்சைடு ஆவியாகி, சில மாதத்தில் எழுத்து மங்கிப்போகும். சூடானதும் இழையின் தடை நாலு மடங்கு ஏறும், ஆகவே குளிரில் அளந்த ஓமை வைத்து மின்னோட்டக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். இழை சூடாக இருக்கும்போதே, 27 வோல்ட்டின் மைனஸை இழையின் ஒரு காலில் சேர்த்து, பிளஸை அந்த 1 கே வழியாக மற்றெல்லாக் கால்களிலும் சுற்றிய ஒரு செப்புக் கம்பிக்குக் கொடுங்கள். கண்ணாடி முழுக்க ஒளிரும். மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், ரெசிஸ்டரில் விழுகிறது. அந்த 1 கே இருக்கும் தைரியத்தில்தான் தவறிப்போய் இழைக்காலைத் தொட்டாலும் 27 மில்லி ஆம்புக்கு மேல் ஓடாது, இழை பிழைக்கும்.

எது கிரிட், எது ஆனோடு? சுற்றிய கம்பியை எடுத்துவிட்டு ஒவ்வொரு காலுக்கும் ஒரு 4.7 கே வழியாக 27 வோல்ட் கொடுங்கள். பிறகு ஒரு கம்பியை இழையின் மைனஸில் வைத்து, மறுமுனையால் கால்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஓர் இலக்கம் முழுதும் அணைந்தால் அந்தக் கால் கிரிட். எல்லா இலக்கத்திலும் ஒரே கோடு அணைந்தால் ஆனோடு. ஒரு தாளில் கண்ணாடியின் படத்தை வரைந்து அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நினைவிருக்கும் என்று விட்டால் இருக்காது.

தனிக் கண்ணாடியை ஓட்டும் சப்ளை பெரிய விஷயம் இல்லை. எம்.டி.3608 என்ற மலிவான பூஸ்ட் மாட்யூல் 5 வோல்ட்டை 28 வரை ஏற்றும், வி.சி.ஆர். கண்ணாடிக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: மாட்யூலில் இருக்கும் திருகியை, கண்ணாடியை மாட்டும் முன்பே மீட்டரில் பார்த்து வையுங்கள். சில நேரம் பல சுற்றுச் சுற்றினாலும் வோல்ட் அசையாது, பிறகு திடீரென்று ஏறும்.

இழைக்குத்தான் யோசிக்க வேண்டும். விரல் நீளத்துக் கண்ணாடிக்கு டி.சி. போதும். 10 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் ஏ.சி. கொடுங்கள். காரணம் எளிது. இழைக்கு 4 வோல்ட் டி.சி. கொடுத்து ஆனோடில் 25 வைத்தால், ஒரு கோடியில் வித்தியாசம் 25, மறுகோடியில் 21. இடப்பக்க எண் பளிச்சென்றும் வலப்பக்க எண் சோர்ந்தும் இருக்கும். எல்.9110 என்ற சின்ன மோட்டார் டிரைவரின் இரு முனைகளையும் மாறிமாறி ஓட்டினால் இழைக்கு ஏ.சி. கிடைத்துவிடும். இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களும் இழையைக் கருக்குகிறார்கள். 5 வோல்ட்டை பாதி நேரம் மட்டும் கொடுத்தால் சராசரி 2.5, ஆகவே 2.5 வோல்ட் இழைக்குச் சரி என்று நினைப்பார்கள். சூட்டுக்குச் சராசரி கணக்கு செல்லாது. பாதி நேரம் கொடுத்த 5 வோல்ட், சூட்டளவில் 3.5 வோல்ட்டுக்குச் சமம். 2.5 வேண்டுமென்றால் நான்கில் ஒரு பங்கு நேரம்தான் கொடுக்கவேண்டும். சாதா மல்டிமீட்டரின் ஏ.சி. அளவும் இந்தத் துடிப்பில் பொய் சொல்லும். கண்ணை நம்புங்கள்: இருட்டில், சந்தேகத்துக்கு இடமான செம்மை.

பேய் எழுத்து என்று ஒன்று உண்டு. அணைந்திருக்க வேண்டிய கோடு லேசாக ஒளிர்வது. இதற்குக் காரணம் மூன்று. யு.டி.என்.2981 மாதிரி டிரைவர்கள் மேலே தள்ளும், கீழே இழுக்காது. அணைத்தால் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கும், மிச்ச மின்னூட்டம் மெதுவாக வடியும்வரை கோடு எரியும். ஒவ்வொரு வெளிமுனைக்கும் தரைக்கும் நடுவே 47 கே முதல் 100 கே ரெசிஸ்டர் போட்டால் தீரும். மேக்ஸ்6921, எச்.வி.5812 போன்றவை தானே கீழே இழுத்துவிடும், புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம். இரண்டாவது, ஓர் இலக்கத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் எல்லாவற்றையும் 30, 40 மைக்ரோ விநாடி அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய எண்ணின் நிழல் அடுத்ததில் விழும். மூன்றாவது நம் தீவுக்கே உரியது. கடற்கரை உப்புக்காற்றும் மேட்டு ஊரான கியூர்பிப்பின் ஈரமும், பற்றவைத்தபின் பலகையில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பசையோடு சேர்ந்து, அருகருகே 30 வோல்ட் நிற்கும் கால்களுக்கு நடுவே மெல்லிய பாதை போட்டுவிடும். காலையில் பேய், வெயில் ஏறியதும் காணாது. ஐசோபிரப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, காயவிட்டு, தெளிவான வார்னிஷ் ஒரு கோட் கால்வரிசையில் பூசுங்கள். நகப்பூச்சும் போதும். நிறமில்லாததாக இருக்கட்டும்.

மைக்ரோகண்ட்ரோலர் நடுவில் உறைந்துபோனால் ஓர் இலக்கம் மட்டும் முழு வெளிச்சத்தில் நின்றுவிடும், பாஸ்பர் அங்கேயே கருகும். உறைந்தால் தானே மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக் டைமரை இயக்காமல் கடிகாரத்தைச் சுவரில் மாட்டாதீர்கள்.

கண்ணாடி பொறுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். இருபது வருஷம் மணி காட்டிய கண்ணாடியில், நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற கடைசி எண் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும், பத்து மணி இலக்கத்தில் ‘1’ மட்டும் மங்கியிருக்கும். வோல்ட்டை ஏற்றி இதைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். அதைவிட மைக்ரோவேவில் இருந்த கண்ணாடியை விட்டு, எப்போதாவது மட்டும் போட்ட கேசட் டெக்கின் கண்ணாடியைத் தேடுவது புத்திசாலித்தனம்.

எங்கள் பார்வையில் மிகச் சிறந்த பழைய கண்ணாடி வி.சி.ஆரிலும் இல்லை. கடைகளில் கல்லாவுக்கு மேல் கம்பத்தில் நிற்கும், வாடிக்கையாளர் பக்கம் விலை காட்டுகிற அந்த இருவரி டிஸ்பிளேதான். வரிக்கு 20 எழுத்து, உள்ளேயே டிரைவரும் சப்ளையும் எல்லாம். கடை புதிதாக்கும்போது கம்பத்தோடு தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலானவை சீரியல் வழியாக 9600 வேகத்தில் பேசும். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 5 வோல்ட்டா, 12-ஆ, 24-ஆ என்று இருக்கும், படித்துவிட்டுக் கொடுங்கள். மைக்ரோகண்ட்ரோலரின் காலை நேராக இணைத்தால் பேசாது. கம்பத்தின் சீரியல் பிளஸ் மைனஸ் வோல்ட்டில் தலைகீழாகப் பேசுகிறது. நடுவே அந்த வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சில்லு ஒன்று வேண்டும். பிறகு எழுத்தை அனுப்பினால் எழுத்து. எப்சன் முறையில் பேசுகிற கம்பங்களில் 12 என்ற எண்ணை அனுப்பினால் திரை துடைபடும். 31, 88, அதன்பின் 1 முதல் 4 வரை ஓர் எண் அனுப்பினால் வெளிச்சம் மாறும். எழுத்துக்குப் பதிலாகக் கிறுக்கல் வந்தால் வேகம் தப்பு, அடிப்பக்கத்துச் சின்னச் சுவிட்சுகளைப் பாருங்கள்.

இதில் தமிழ் எண் காட்ட முடியுமா என்று உங்கள் வாசகர்கள் நிச்சயம் கேட்பார்கள். நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எண் அச்சாகிற நாடு இது, கடிகாரத்தில் மட்டும் ஏன் கூடாது? முடியும், ஒரு சிக்கலோடு. எச்.டி.44780 என்ற டிஸ்பிளேச் சில்லின் முறையில் ஓடும் வி.எஃப்.டி. மாட்யூல்களில் சொந்தமாக வரைந்துகொள்ள எட்டு இடங்கள்தான் உண்டு. எண்ணோ பத்து. ஆனால் ஒரு கணத்தில் திரையில் பத்தும் தேவைப்படுவதில்லை. மணி, நிமிடம், விநாடி என்று ஆறு இலக்கம்தான், ஆகவே ஆறு இடம் போதும். எண் மாறும்போது அந்த இடத்தின் வரைபடத்தை மட்டும் திருப்பி எழுதிவிடுங்கள். ௦ வட்டம், சுலபம். ௭-உம் ௨-உம் ஒருவழியாக வந்துவிடும். 5 புள்ளி அகலத்தில் ௪-க்கும் ௬-க்கும் வித்தியாசம் வாலில் மட்டும் என்பதால் தூரத்தில் ஒன்றாகத் தெரியும், ௯ வெறும் புள்ளிக் குவியலாகிவிடும். ஓர் எண்ணுக்கு இரண்டு கட்டம் எடுத்துக்கொண்டால் அழகாக வரும். மணிக்கும் நிமிடத்துக்கும் நான்கு எண், எட்டுக் கட்டம், எட்டு இடமும் சரியாகத் தீர்ந்துவிடும். விநாடிக்கு இடமில்லை, விநாடி யாருக்கு வேண்டும்? இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு புள்ளி அகலம் இருட்டு இருப்பதால், கோடு குறுக்கே போகும் இடத்தை அங்கே வராதபடி வரையுங்கள்.

அந்த இரண்டாவது வரியை வீணாக்க வேண்டியதும் இல்லை. ராகு காலம் போடலாம். காலண்டரில் அச்சிட்டிருப்பது காலை 6, மாலை 6 என்று வைத்துப் போட்ட கணக்கு. பகலை எட்டுப் பங்காக்கி, திங்கள் இரண்டாம் பங்கு, சனி மூன்று, வெள்ளி நான்கு, புதன் ஐந்து, வியாழன் ஆறு, செவ்வாய் ஏழு, ஞாயிறு எட்டு என்பதுதான் விதி. இங்கே டிசம்பரில் பகல் ஏறத்தாழ 13 மணி 20 நிமிடம், பங்குக்கு 100 நிமிடம். ஜூனில் 11 மணிதான், பங்குக்கு 82 நிமிடம் சொச்சம். டிசம்பர் ஞாயிறு மாலை 4.30-க்கு என்று காலண்டர் சொன்னால், இங்கே 5 தாண்டித்தான் தொடங்குகிறது. சூரிய உதய அட்டவணையை மைக்ரோகண்ட்ரோலரில் வாரத்துக்கு ஒன்றாக 52 வரி போட்டுவிட்டால் போதும்.

புயல் காலத்தில் கரண்ட் போகும் என்பதால் நேரத்தை மின்கம்பியின் 50 ஹெர்ட்சிலிருந்து எடுக்காதீர்கள். நேரம் காக்கும் டி.எஸ்.3231 மாட்யூல் போடுங்கள், வருஷத்துக்கு ஒரு நிமிடம்தான் பிசகும். பழைய டி.எஸ்.1307 நம் வெயிலில் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி நகரும். ஆனால் மலிவாக விற்கும் 3231 மாட்யூலில் ஒரு விஷமம் உண்டு: சார்ஜ் ஏறும் பேட்டரிக்கு என்று ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள், ஆனால் நாம் போடுவது சார்ஜ் ஏறாத சி.ஆர்.2032. 5 வோல்ட்டில் ஓட்டினால் அது உப்பிக் கசியும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

குறிப்பில் ஒளிப்படத்துக்கு வைத்திருந்த ஆரஞ்சு நிற நிக்சி குழாய் (வாயு நிரப்பிய, எண் காட்டும் கண்ணாடிக் குழாய்) பற்றி. அழகுதான். 1950-களில் பரோஸ் நிறுவனம் விற்ற அந்தக் குழாய்க்குப் பற்றவைக்க 170 வோல்ட் வேண்டும், எரிய ஆரம்பித்தபின் 140 போல நிற்கும். 180 வோல்ட் சப்ளையில் 2.5 மில்லி ஆம்ப் ஓட வேண்டுமானால் 16 கே ரெசிஸ்டர் ஆனோடில் கட்டாயம். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் குழாய் தன்னைத்தானே தின்னும். ஒரே எண்ணை மாதக்கணக்கில் காட்டினால் எரியாத எண்கள்மேல் உலோகத் துகள் படிந்து பாதி எழுத்துதான் வரும். இரவில் ஐந்து நிமிடம் எல்லா எண்ணையும் சுற்றிக் காட்ட வேண்டும். இதெல்லாம் சமாளிக்கலாம். எங்களுக்குக் கவலை வேறு. வீட்டில் 30 மில்லி ஆம்ப் டிஃபரென்ஷியல் பிரேக்கர் (தரைக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது. அடாப்டரில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வெளிப்பக்கத்தைச் சுவரிலிருந்து பிரித்துவிடுகிறது. அதற்குப் பின்னால் 12 வோல்ட்டை 170-ஆக ஏற்றி, இரண்டு கையாலும் இரண்டு முனைகளைத் தொட்டால், அந்த மின்சாரம் தரைக்குப் போகாமல் உங்கள் நெஞ்சு வழியே சுற்றி வரும். பிரேக்கருக்கு ஒன்றுமே தெரியாது. முதல் முயற்சிக்கு நிக்சி வேண்டாம். 27 வோல்ட் கண்ணாடியில் கை பழகட்டும்.

மற்றவை சுருக்கமாக. 1970-களின் கால்குலேட்டரில் லென்சுக்கு அடியில் இருக்கும் சிவப்பு எல்.இ.டி. எண்கள் ஒரு கோட்டுக்கு 1 முதல் 5 மில்லி ஆம்பில் ஓடும், லென்சைத் துடைக்க அசிட்டோன் தொடாதீர்கள், பிளாஸ்டிக் பாலாகிவிடும். சாம்பல் நிற எல்.சி.டி.க்கு டி.சி. விஷம், சில நாளில் கோடு கருகும். துடிப்பு மாறிமாறி வரவேண்டும், 30 முதல் 100 ஹெர்ட்ஸ். பழைய டி.வி. குழாயை விட்டுவிடுங்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கும் முன் அந்த 12 வோல்ட் வரியைத் திருத்தி, இழைக்கு 1.5 முதல் 4.5 வோல்ட், கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் 27 வோல்ட், நடுவே 1 கே என்று ஒரு சின்னக் கட்டமாகவாவது வெளியிடுங்கள். ஏற்கெனவே 12 வோல்ட் கொடுத்து இழையை அறுத்துக்கொண்டவர்கள் முன்பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் பி.டி.6312 இருந்தால் எடுத்து வையுங்கள், அடுத்து கிடைக்கும் கண்ணாடியை அதுவே ஓட்டும்.

இப்படிக்கு,
பழைய எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் ஆர்வலர்கள் சிலர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.